ஊர்வலம் முடியும் வரை முடியாத இசை

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. விளையாட்டரங்கின் ஒரு பக்கத்தில் நாங்கள் ஐம்பது பேர் பேண்டாக உட்கார்ந்திருந்தோம். பட்டமளிப்பு விழா ஊர்வலத்துக்காக நான் எழுதிய இசை அன்றுதான் முதல்முறையாக ஒலித்தது. ட்ரம்பெட்கள் ஏறி, டிம்பனி உருண்டு, நான் மாதக்கணக்கில் செதுக்கிய உச்சம் வந்தபோது நடுப்பாதையில் ஒருவருமே இல்லை. வாசலில் ஏதோ காரணத்தால் வரிசை நின்றுபோயிருந்தது. எட்டாயிரம் பேர் காலிப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிட வருத்தமானது கடைசியில் நடந்தது. ஏழு நிமிட இசை அது. ஊர்வலம் நீளும் என்று தெரிந்திருந்ததால், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பதாக ஏற்பாடு. நான்காவது சுற்றில், புல்லாங்குழல் தனியாக மெல்ல வாசிக்கும் இடத்தில், பல்கலைக்கழகத்தின் செங்கோலைத் தாங்கியவரும் அவர் பின்னால் தலைவரும் உள்ளே வந்தார்கள். மேடை ஏறி நின்றார்கள். இசையிலோ இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. நிறுத்துவதற்கு நான் இடமே வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பேண்டு நடத்துநர் ஓர் இசை வாக்கியத்தின் நடுவில் கையை வீசி நிறுத்தினார். பேண்டு பாதிச் சொல்லில் வாயை மூடியது போல் நின்றது.

அதற்கு அடுத்த இரண்டு வருடங்களில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி, கல்லூரி விழாக்களுக்கு இசை அமைக்கும் யாருக்காவது பயன்படும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். திருச்சியில் பள்ளி பேண்டில் கிளாரினெட் பிடித்தவன், இசையமைப்பில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்கு வந்தேன். இங்கே முதல் வருடமே பட்டமளிப்பு விழா பேண்டில் சேர்த்துவிட்டார்கள். வாசித்தது எல்லாரும் வாசிக்கும் அதே மெட்டு: ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ முதல் அணிநடை. அதிலும் முழுதாக இல்லை, நடுவில் வரும் மெதுவான பகுதி மட்டும். அன்றைக்கு அந்த ஒரு பகுதியை இருபது முறைக்கு மேல் வாசித்தோம்.

அமெரிக்காவில் பட்டமளிப்பு என்றாலே காதில் கேட்கும் மெட்டு இதுதான். ஆனால் இது பட்டமளிப்புக்காகப் பிறந்ததே இல்லை. 1901 அக்டோபரில் லிவர்பூலில் முதலில் அரங்கேறியது. சில நாள் கழித்து லண்டனில் ஹென்றி வுட் நடத்தியபோது மக்கள் மறுபடி மறுபடி கேட்டு இரண்டு முறை திரும்ப வாசிக்க வைத்தார்கள். தலைப்பு, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ போர்க்களத்தின் ஆடம்பரத்துக்கு விடைசொல்லும் இடத்திலிருந்து எடுத்தது. 1905 ஜூன் மாதம் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அங்கே இசைப் பேராசிரியராக இருந்த சாமுவேல் சான்ஃபோர்ட் அவருடைய நண்பர். நண்பரைப் பெருமைப்படுத்த அந்த அணிநடையை விழாவில் வாசிக்க வைத்தார்கள். கவனியுங்கள், அன்று அது வாசிக்கப்பட்டது விழா முடிந்து எல்லாரும் வெளியேறும்போது. பிறகு பிரின்ஸ்டன், சிகாகோ, கொலம்பியா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாக அதை எடுத்துக்கொண்டது. வெளியேறும் இசை உள்ளே வரும் இசையாக மாறிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு என்றே எழுதப்பட்ட பெரிய படைப்பு என்றால் பிராம்ஸின் ‘அகாடமிக் ஃபெஸ்டிவல்’ முன்னிசை நினைவுக்கு வரும். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் 1879இல் கொடுத்த கௌரவப் பட்டத்துக்கு நன்றியாக எழுதி, 1881 ஜனவரியில் அங்கேயே அவர் நடத்தினார். மாணவர்கள் கூடிக் குடிக்கும்போது பாடும் பாட்டுகளைக் கோத்து, ‘கௌதேயாமுஸ் இகிதுர்’ என்ற பழைய லத்தீன் மாணவர் பாட்டில் முடிப்பார். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது உட்கார்ந்து கேட்பதற்கானது, நடப்பதற்கானதில்லை.

மற்றபடி பட்டமளிப்பு ஊர்வலங்களில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் கடன் வாங்கியவை. வால்டனின் ‘கிரவுன் இம்பீரியல்’ 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு எழுதியது. ரிம்ஸ்கி-கோர்சகோவின் பிரபுக்கள் ஊர்வலம் ‘ம்லாதா’ என்ற மேடைப் படைப்பிலிருந்து வந்தது. ஜெரமையா கிளார்க்கின் டென்மார்க் இளவரசர் அணிநடை கல்யாணத்துக்கும் ஓடும், இதற்கும் ஓடும். இத்தனை நல்ல இசை இருக்கும்போது புதிதாக எதற்கு என்று துறையில் சிலர் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒன்று வேண்டும் என்று பேண்டு நடத்துநர் சொன்னார், எனக்கும் அது சரி என்று பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான்கு வருடம் படித்து, கடன் வாங்கி, வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதிய ஒரு பிள்ளை நடந்து வரும் அந்த இருபது விநாடிக்கு யாராவது ஒருவர் அக்கறையாக இசை எழுதியிருக்க வேண்டும்.

சரி, முதல் முயற்சி அப்படி முறிந்துபோன பிறகு அந்த ஜூலையில் ஊருக்குப் போனேன். என் மாமா தவில் வித்வான், இப்போது வயதாகிவிட்டது, முக்கியமான உற்சவங்களுக்கு மட்டும் போகிறார். திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“ஏன் மாப்ள, ஏழு நிமிஷம்னு யாரு சொன்னது?”

“நான்தான் மாமா. அவ்வளவுதான் எழுதினேன்.”

“சாமி ஏழு நிமிஷத்துல வந்துடும்னு சாமிகிட்ட பேசிவெச்சிருந்தியா?”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அப்புறம் அவரே தொடர்ந்தார். “தெருவுல மின்கம்பி தாழ்ந்திருக்கும், தூக்கிப் புடிக்கணும். மண்டகப்படிக்காரன் தீபாராதனைக்கு லேட் பண்ணுவான். சீர்பாதம் தாங்கறவன் தோள் மாத்துவான். அதுக்கெல்லாம் நாமதான் இடம் கொடுக்கணும். சாமி நின்னா வாசிப்பு நிக்கக் கூடாது, சாமி நகர்ந்தா வாசிப்பு பின்தங்கக் கூடாது. வாசிக்கிறவன் கண்ணு சாமி மேல இருக்கணும்யா, பாட்டு மேல இல்ல.”

சிறுவயதிலிருந்து கோயில் புறப்பாட்டில் மல்லாரி கேட்டு வளர்ந்தவன் நான். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் நாதஸ்வரம் எடுக்கும் அந்த இசைக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. புறப்பாட்டுக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று, தளிகை கொண்டுவர ஒன்று, தேருக்கு ஒன்று என்று வேலைக்கேற்ற மல்லாரி உண்டு. எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரியாத ஊர்வலத்துக்கு இசை அமைக்கும் கலையை நம்மவர்கள் எத்தனையோ தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். அதை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நான் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தேன்.

மல்லாரியை அப்படியே பேண்டுக்கு எழுதலாமா என்று கேட்டேன். மாமாவுக்கு அதில் விருப்பமில்லை. பரதநாட்டிய மேடையில் இப்போது மல்லாரி ஒலிக்கிறது, அது வேறு, என்றார். “அது சாமிக்கு உள்ளது. ராகத்தை எடுத்துக்க, கணக்கை எடுத்துக்க. உருப்படியை விட்டுடு.” அந்த எல்லையை மீற எனக்கு மனம் வரவில்லை, மீறவும் இல்லை.

திரும்பி வந்ததும் எழுத உட்காரவில்லை. டிசம்பரில் நடக்கும் சிறிய பட்டமளிப்பு விழாவுக்குக் கையில் ஸ்டாப்வாட்சுடன் போனேன். இதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். இருவர் இருவராக வாசலைக் கடக்கிறார்கள், ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் சராசரி இரண்டரை விநாடி. மே மாத விழாவுக்கு 1,240 பட்டதாரிகள் என்றால் 620 ஜோடி. 620ஐ இரண்டரையால் பெருக்கினால் 1,550 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 26 நிமிடம். இது வரிசை எங்கும் நிற்காமல் வந்தால். நடக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். நேரத்தைத் தீர்மானிப்பது கால் இல்லை, வாசல்தான். அகலமான இரண்டு வாசல் திறந்தால் பாதியாகக் குறையும். ஆகவே எந்த வாசல், எத்தனை வரிசை என்று விழா ஏற்பாட்டாளரிடம் கேட்காமல் ஒரு சுரம்கூட எழுதக் கூடாது.

இன்னொன்றையும் அளந்தேன். செங்கோல் உள்ளே நுழைவதிலிருந்து மேடையில் அதன் தாங்கியில் வைக்கப்படும் வரை 95 விநாடி. இது மட்டும் பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் அதை ஏந்துபவர் ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தில்தான் நடக்கிறார். முழு ஊர்வலத்திலும் எனக்குக் கிடைத்த ஒரே நிச்சயமான அளவு அது.

நடப்பவர்களின் காலடி நிமிடத்துக்கு 70லிருந்து 75 வரை இருந்தது. அதற்காக டிரம்மை வைத்துத் தாளத்தை ஓங்கி அடித்தால் கெடுதல்தான் அதிகம். நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தம் போய்ச்சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 72 அடி என்றால் ஒரு அடிக்கு 0.83 விநாடி. அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாமதம். முன்னால் இருப்பவர் ஒரு காலும் பின்னால் இருப்பவர் வேறு காலும் வைப்பார்கள், பார்க்கவே கலவரமாக இருக்கும். போதாததற்கு பாதிப் பேர் உயரக் குதிகால் செருப்பில், பழக்கமில்லாத நீள அங்கியில் வருகிறார்கள். அவர்களைப் படைவீரர்கள்போல் மிதிக்க வைப்பது நியாயமில்லை. மெட்டின் வாக்கியமே நடையைச் சொல்லட்டும் என்று ஸ்நேர் டிரம்மைக் கடைசிவரை ஒதுக்கிவைத்தேன்.

இப்போது எழுதிய விதம். எட்டு ‘பார்’ (நான்கு அடி கொண்ட தாளக்கட்டு) கொண்ட ஆறு பகுதிகள், ஒவ்வொன்றும் நம் கணக்கில் ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம். எல்லாப் பகுதியும் சட்ஜத்தில் (ச) எடுத்து, நிஷாதத்தில் (நி) வந்து நிற்கும். அந்த நிஷாதத்துக்குப் பிறகு எந்தப் பகுதியை வைத்தாலும் பொருந்தும். முடிவுக்கென்று தனியாக நான்கு பார், அதையும் எந்தப் பகுதிக்குப் பின்னாலும் ஒட்டலாம். ஒரு பகுதி சுமார் 27 விநாடி, முடிவு 13 விநாடி. ஆகவே ‘முடிக்கலாம்’ என்று சைகை வந்த பிறகு அதிகபட்சம் 40 விநாடியில் இசை அழகாக, முழு வாக்கியமாக நின்றுவிடும். தலைவர் மேடையில் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சைகைகளும் எளிமைதான். நடத்துநர் விரலால் அடுத்த பகுதியின் எண்ணைக் காட்டுவார், ஆறு என்றால் திறந்த உள்ளங்கை. மூடிய கை என்றால் இந்தப் பகுதிக்குப் பின் முடிவு. ஒத்திகையில் பாதி நேரத்தை இசைக்குச் செலவிட்டோம், பாதியைச் சைகைக்கு.

அடுத்து, உச்சம். மல்லாரியை மூன்று காலத்தில் வாசிப்பார்கள். தாளம் அப்படியே இருக்க, சுரங்கள் இரண்டு மடங்காகி, நான்கு மடங்காகும். தூக்கிவருபவர்களின் நடை மாறாது, கேட்பவர்களின் ரத்த ஓட்டம் மாறும். இதைவிட எனக்குத் தேவையானது வேறு என்ன? மாணவர்கள் வரும்போது முதல் காலம். பேராசிரியர்கள் வண்ண அங்கிகளுடன் நுழையும்போது கிளாரினெட்டுகள் இரண்டாம் காலம் எடுக்கும். செங்கோல் வாசலுக்கு வந்ததும் ஆறாவது பகுதி: பித்தளைக் கருவிகள் முதல் காலத்தில் விரிந்து நிற்க, அதன் மேல் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மூன்றாம் காலத்தில் ஓடும். வேகம் கூட்டவே இல்லை. உச்சத்தை நேரத்தில் கட்டாமல் ஆளோடு கட்டிவிட்டதால், வரிசை எங்கே நின்றாலும் இனி அது காலிப் பாதையில் வந்து விழாது.

கம்பீர நாட்டையைப் பேண்டுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. ச, க, ம, ப, நி மட்டும்தான், ரிஷபமும் தைவதமும் இல்லை. பி-ஃபிளாட் சுருதியில் வைத்தால் கிளாரினெட்டுக்கு சி-இ-எஃப்-ஜி-பி என்று விரலுக்கு மிகச் சுலபம். ஆனால் மேற்கத்திய வழியில், பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு அமைக்கப் போனால், பஞ்சமத்தின் மேல் கட்டும் கூட்டுக்கு ரிஷபம் வேண்டும், மத்தியமத்தின் மேல் கட்டுவதற்குத் தைவதம் வேண்டும், இரண்டும் கிடையாது. ஒரு மாதம் இதில் முட்டிக்கொண்டேன். சேர்த்துப் பார்த்தேன், ராகம் செத்துவிட்டது. கடைசியில் நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை விடாமல் ஒத்து ஊதுவதை நினைத்துக்கொண்டு, டூபா, பேஸ் கிளாரினெட், யூஃபோனியம் மூன்றையும் சட்ஜ பஞ்சமத்தில் நிற்க வைத்தேன். மூவரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்குவார்கள், அதனால் ஒத்து அறுபடாது. துறையில் ஒரு மூத்தவர் இது வெறுமையாக இருக்கிறது என்றார். அரங்கத்தில் எதிரொலியோடு கேட்ட பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. பெரிய அரங்கில் சுரக்கூட்டு அடிக்கடி மாறினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். நிலையாக நிற்கும் சுருதி அங்கே பெரிய பலம்.

வாசிப்பவர்களின் உதட்டை மறந்துவிடக் கூடாது. 26 நிமிடம் இடைவிடாமல் ட்ரம்பெட் ஊத யாராலும் முடியாது. பித்தளை வாசிப்பவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு ஒருமுறை மாற்றினேன். மெட்டைப் பெரும்பாலும் ஹார்ன், யூஃபோனியம், சாக்சஃபோன் ஆகியவற்றின் நடுத்தாயியில் வைத்தேன், உயரமான ட்ரம்பெட்டை ஆறாவது பகுதிக்காகச் சேமித்தேன்.

திறந்தவெளி என்றால் இன்னும் சில. இரண்டு பக்கத்துக்கு மேல் தாள் இருக்கக் கூடாது, காற்றில் பக்கம் புரட்ட முடியாது. துணிக்கிளிப் ஆளுக்கு நான்கு. குளிர்ந்த காலையில் கிளாரினெட்டின் சுருதி இறங்கும், மரக் கருவி வெடிக்கும் அபாயமும் உண்டு, பிளாஸ்டிக் கருவி போதும். வாசலில் நம் ஆள் ஒருவர் போனோடு நிற்க வேண்டும். பேண்டு உட்காரும் இடத்திலிருந்து வாசல் தெரியுமா என்பதை ஒத்திகைக்கு முன்பே போய்ப் பாருங்கள். எங்களுக்கு ஒரு தூண் மறைத்தது, நாற்காலிகளை மூன்று மீட்டர் நகர்த்தினோம். மாமா சொன்ன ‘கண்ணு சாமி மேல’ என்பது நடைமுறையில் இந்த மூன்று மீட்டர்தான்.

பழைய மெட்டுகளையே வாசிப்பதென்றால் உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்கர் 1934இல் இறந்தார், அவர் மெட்டு இப்போது பொதுச்சொத்து. ஆனால் பேண்டுக்காக வேறொருவர் செய்த இசைக்கோவைக்கு அவருடைய உரிமை இருக்கலாம். விழாவை இணையத்தில் நேரலையாக விடும்போது இது பெரிதாகும்.

இரண்டாம் வருட மே மாதம் வந்தது. வரிசை இரண்டு முறை நின்றது, ஒருமுறை சக்கர நாற்காலியில் வந்த மாணவிக்குச் சாய்தளத்தில் வழிவிட, இன்னொரு முறை ஏன் என்று தெரியவில்லை. மூன்றாம் பகுதியைக் கூடுதலாக நான்கு தடவை சுற்றினோம், யாருக்கும் தெரியவில்லை. செங்கோல் வாசலில் தெரிந்ததும் போன் வந்தது, நடத்துநர் உள்ளங்கையை விரித்தார். ஆறாவது பகுதியை மூன்று தடவை சுற்ற 80 விநாடி, முடிவுக்கு 13, மொத்தம் 93. மூன்றாவது சுற்றில் நடத்துநரின் கை மூடியது. நான் இரண்டாவது கிளாரினெட் வரிசையில் உட்கார்ந்து மூன்றாம் காலம் வாசித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் வந்து தாள் தெரியவில்லை, நல்லவேளையாக மனப்பாடம். கடைசி சட்ஜம் அடங்கியபோது செங்கோல் அதன் தாங்கியில் இருந்தது.

பதிவை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முழுவதும் கேட்டிருக்கிறார், பேரப்பிள்ளையை விட்டு இரண்டு முறை போடச் சொல்லியிருக்கிறார்.

“நல்லாத்தான்யா இருக்கு. ஆனா எடுத்த எடுப்புல குழல் வருதே, முன்னாடி தவில்ல வர்ற அலாரிப்பு எங்க?”

“அங்கே தவில் இல்லை மாமா.”

“தோல் வாத்தியம் ஒண்ணுமே இல்லையா அந்த ஊர்ல? சாமி கிளம்பப்போவுதுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னது உண்மை. ஊர்வலம் தொடங்குவதற்கு முன் கூட்டம் அடங்காமல் பேசிக்கொண்டே இருந்தது, முதல் பகுதி யார் காதிலும் விழவில்லை. இப்போது நான்கு டெனர் டிரம்களுக்கும் ஒரு பேஸ் டிரம்முக்குமாக ஒரு நிமிடத் தொடக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொற்கட்டை மாமா போனில் சொல்கிறார், நான் பதிவுசெய்து எழுதிக்கொள்கிறேன். குச்சியால் வராத சொற்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றுக்கு வழி தேடுகிறோம்.